செமி பைனலில் நான் சொன்ன கதை

சரவணா,

சொல்வது நான், உன் அம்மா. எழுதுவது உன் தங்கை காவ்யா, நம் பாப்பா. என் வலது கையில் விரல் கணுவிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அதனால் நான் முணுமுணுப்பதை அவள் அடுப்படியில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பழைய ரெக்கார்டு நோட்டின் தாள்களில் எழுதுகிறாள். நான் பேசுவது ஒரு மாதிரி இருக்கும், அவள் எழுதுவது பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். "நீ பேசுறத அப்படியே எழுதுனா அண்ணன் பாதியில வச்சிரும்மா" என்கிறாள். அவள் இஷ்டம். விஷயம் என்னுடையது. உங்கள் அப்பா முன்னறையில் தூங்குகிறார். அவர் குறட்டை நின்றால் நாங்களும் நிறுத்திவிடுவோம். ஆகவே ஒரே இரவில் இது முடியப்போவதில்லை. எங்காவது பேச்சு அறுந்தது போலிருந்தால் காரணம் அதுதான்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். எனக்கும் பாப்பாவுக்கும் இருக்கிற ஒரே போனில் எந்தக் கால் வந்தாலும் போனாலும் தானாகவே பதிவாகும்படி அவர் செய்து வைத்திருக்கிறார். இத்தனை வருடம் மைக் செட் கடை வைத்திருந்தவருக்கு அது ஒரு வேலையா? சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து, சினிமாப் பாட்டு கேட்பது போல, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். அதனால் கடிதம். இதைக் கொண்டுவந்து தருவது உன் கீபோர்டு ஜோசப். ஆமாம், அதே ஜோசப்தான். கவரை ஒட்ட வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஜோசப் படித்தாலும் சரி, உன் பேண்டில் உள்ள மற்றவர்கள் படித்தாலும் சரி. ஊர் உலகம் பார்க்கப் பொய் சொன்னவள் நான். உண்மையை மட்டும் ஒட்டி மூடி அனுப்பினால் அது நியாயமில்லை.

நான் கேட்பது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ வீட்டுக்கு வருகிறாய். ஞாயிற்றுக்கிழமை இங்கே மதுரையில், நீ ஜெயித்த அதே டிவி பாட்டுப் போட்டிக்கு நடக்கிற ஆடிஷனுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வருகிறாய். அதற்காக வராதே. இந்த வீட்டை விட்டே அவளைக் கூட்டிக்கொண்டு போக வா. திருமங்கலத்தில் உன் சித்தி சரி என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ் இருக்கிறது. என்னையும் கூட்டிப்போனால் வருவேன். இடம் ஒருவருக்குத்தான் என்றால் அவளுக்கு.

இனி என் கை எப்படி உடைந்தது என்று சொல்கிறேன். இதை எழுத வேண்டாம் என்றாள் பாப்பா. எழுது என்றேன். புது சீசன் அறிவிப்பு வந்த அன்றிலிருந்து காலை நாலரைக்கு அவளை எழுப்பிவிடுகிறார். முகம் கழுவ விடுவதில்லை, தண்ணீர் பட்டால் தொண்டை கட்டுமாம். பழைய மைக் ஒயர் ஒன்றை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். அந்த ஒயரை உனக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அவள் பாடும் பாட்டில் இரண்டாவது அடியில் ஒரு இடம் மேலே ஏறும். அங்கே போனதும் அவள் குரல் இடறும். தினமும் அதே இடம். தினமும் அதே அடி. முதுகில் அடித்தால் மேடையில் தெரியாது, காலில் அடித்தால் பாவாடை மறைக்கும், இதெல்லாம் உன்னிடம் பழகிய கணக்கு. போன செவ்வாய்க்கிழமை அவள் பதினோரு தடவை இடறினாள். பன்னிரண்டாவது தடவை அவர் ஒயரைக் கீழே போட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூலையில் நின்ற இரும்பு மைக் ஸ்டாண்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அவள் தலைக்கு நேராக. நான் தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடிக் கையை நீட்டினேன். காய்ந்த முருங்கைக் கிளையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது தோசை கருகும் வாசம். "பாத்தியா, ஒன்னாலதான் இம்புட்டும்" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என்னை வண்டியில் ஏற்றி, மெதுவாக, பள்ளம் மேடு பார்த்து ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே "பாத்ரூம்ல வழுக்கிட்டாக" என்றார். நானும் தலையாட்டினேன். கட்டுப் போட்ட பெண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க டிவில வந்தவுகதான? தோள் கொடுத்த தந்தை!" என் கை அவள் மடியில் இருக்கும்போதே அவரோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் ஓரத்தில் என் விரல் நுனிகள் தெரியும்.

கட்டு போட்ட மூன்றாம் நாள், ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உனக்கு இது புதிதாக இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு பெண் போலீஸ், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், தங்கமான முகம், எனக்கு நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சரவணன் அம்மாவா நீங்க? எங்க அம்மா அந்த எபிசோட பாத்துட்டு அன்னைக்குச் சோறே திங்கலக்கா. இப்படி ஒரு மனுசன் உண்டான்னு ஒரே அழுக."

"அவருதாம்மா அடிச்சாரு. மகள அடிக்க ஓங்குனாரு, நான் குறுக்க விழுந்தேன்."

"குடிப்பாரோ?"

"இல்ல. பீடி கூடக் கெடையாது. வருசம் தப்பாம மலைக்குப் போறவரு."

"பெறகு என்னக்கா? பிள்ளைய ஜெயிக்க வச்சவரு, ஒரு கோவத்துல கைய ஓங்கிருப்பாரு. மேல வந்து விழுந்தது நீங்கதான? நான் வேணா அவர்ட்ட நைசா பேசவா?"

வேண்டாம் தாயி என்று எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னது யார்? நான்தானே.

அதைத்தான் உன்னிடம் பேச வேண்டும். செமி பைனலுக்கு நாலு நாள் முன்னால், சென்னையில் அந்த செட்டுக்குப் பின்னால், காதில் ஒயர் மாட்டிய ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, எல்லாப் பசங்களும் நல்லாத்தான் பாடுறாங்க. ஜனங்க மனசுல நிக்கிற மாதிரி ஒரு சம்பவம் சொல்லுங்க. அப்பா ஏதாவது கஷ்டப்பட்டது?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று தோன்றியது ஒன்றுதான். எழுமலையில் நாம் இருந்தபோது, உனக்குப் பதினோரு வயதில், அவர் உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கரிசல் காட்டு வழியே, முழங்கால் சேற்றில், இரண்டு மைல் நடந்து வாத்தியார் வீட்டுக்குப் பாட்டுப் படிக்கக் கொண்டுபோனார். அதைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையிலும் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பின்னால் புல்லாங்குழல் போட்டார்கள். நடுவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உங்கள் அப்பாவை மேடைக்கு அழைத்து, பத்தொன்பது வயதுப் பிள்ளையான உன்னை மறுபடி ஒரு தடவை தோளில் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். அரங்கமே எழுந்து நின்றது. மேலே உட்கார்ந்திருந்த உன் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

தூக்கிப்போனது உண்மை. ஏன் தூக்கினார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். முந்தின நாள் நீ வாத்தியார் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று எழுமலை பஸ் ஸ்டாண்டில் போய் ஒளிந்துகொண்டாய். அவர் உன்னைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, குப்புறப் படுக்கப்போட்டு, உன் முழங்காலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இரண்டு உள்ளங்காலிலும் அந்த ஒயரால் அடித்தார். தோல் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது. நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். எண்ணினேன் என்றுதான் சொல்கிறேன், தடுத்தேன் என்று சொல்லவில்லை. மறுநாள் உன்னால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. பாட்டு வகுப்பு தப்பக் கூடாது. அதனால் தூக்கிக்கொண்டு போனார். மழை பெய்தது, சேறு இருந்தது, எல்லாம் நிஜம். உன் கால் இரண்டிலும் என் பழைய உள்பாவாடையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். அதை மட்டும் மேடையில் சொல்லவில்லை.

உன்னை எப்படியாவது ஜெயிக்கவைத்துவிட்டால் அவர் அடிப்பதை நிறுத்திவிடுவார் என்று நான் நம்பினேன். பசித்த நாய்க்குச் சோறு வைத்துவிட்டால் படுத்துக்கொள்ளும் என்பது போல. நான் செய்த தப்பு அதுதான். அவரைப் பெரிய மனிதராக்கிவிட்டால் வெட்கப்பட்டாவது கையை அடக்குவார் என்று நினைத்தேன். நடந்தது என்ன? காளவாசல் சிக்னலில் அவர் உன்னைத் தோளில் தூக்கிய படத்தை ஆள் உயரத்துக்கு மேல் பிளக்ஸ் வைத்தார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாயில்லாமல் போய்விட்டது.

போன வருடம் ஒருநாள் நானும் பாப்பாவும் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு உன் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், வீங்கியிருந்த அவள் கன்னத்தைப் பார்த்தார். திருமங்கலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நம் வாசலிலேயே நிறுத்தினார். "அண்ணே, அண்ணி ஏதோ கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாக போல. நம்ம அண்ணன் குடும்பமாச்சே, பத்தரமா கொண்டாந்துட்டேன்" என்று சிரித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். உங்கள் அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, டீ போடச் சொல்லி, அவர் டீ குடித்துவிட்டுப் போகும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்தினார். அதற்கு மேல் பாப்பா எழுதமாட்டேன் என்கிறாள். சரி.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினோம். தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார். பாப்பா தாள்களை அரிசி டப்பாவுக்குள் அழுத்திவிட்டுச் சோறு வடிக்கிற தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். "இந்நேரத்துல என்னாடி பாத்திரம்?" என்றார். "காலைல கரண்ட் போயிரும்னு சொன்னாங்கப்பா" என்றாள். அவர் போய்ப் படுத்த பிறகும் அவள் அதே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் அவள் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னிடம்தானே படித்திருக்கிறாள்.

இனி உன்னைப் பற்றி. திருமங்கலத்தில் அந்தக் காதணி விழாவில் நீ ஜோசப்பை அடித்த வீடியோ எனக்கும் வந்தது. காதணி விழாவில் பாடுவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்களுக்கும் காது இருக்கிறது. ஜெயித்த வருடம் திறந்த ஜீப்பில் உன்னை ஊர்வலம் கொண்டுவந்தார்கள், சிங்கப்பூர் மேடையில் பாடினாய், திருவிழா திருவிழாவாக ஓடினாய். அப்புறம் அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன், புதுப்புது முகங்கள் வந்தன. இது எந்தப் பிள்ளைக்கும் நடப்பதுதான். ஜோசப் சுருதியை ஒரு கட்டை தூக்கி வாசித்துவிட்டான் என்று மேடையிலேயே அவன் வாயில் மைக்கால் குத்தினாய். சரி, கோபம். ஆனால் அதற்குப் பிறகு நீ செய்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கிடந்த ஒயரை எடுத்து, இரண்டாக மடித்து, மடித்த நுனியை முன்னால் வைத்துப் பிடித்தாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. உன் உள்ளங்கால் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பேண்டில் உள்ளவர்கள் இழுத்துப் பிடிக்காவிட்டால் என்ன செய்திருப்பாய்?

மறுவாரம் ஜோசப் நம் வீட்டுக்கு வந்தான். அப்பா வெளியே போயிருந்தார். மேலுதட்டில் தையல். பயந்துபோய் நின்றேன். "அம்மா, நான் பிராது சொல்ல வரல. அவனுக்கு எடது காது சுத்தமா கேக்கல, தெரியுமா ஒங்களுக்கு? நான் கட்டைய ஏத்தவே இல்ல. இவன்தான் எறங்கிப் பாடுறான். டாக்டர்ட்ட காட்டுங்க. அத யாராச்சும் சொல்லணும்ல" என்றான். உதட்டை அதிகம் அசைக்க முடியாமல் பேசினான். காப்பி கொடுத்தேன், சூடாகக் குடிக்க முடியவில்லை, ஆறவைத்து ஒரு ஓரமாகக் குடித்துவிட்டுப் போனான். நீ அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேடையில் அடித்தாய், மேடையில் கேள்.

உன் காது எப்போது போனது என்று உனக்கும் எனக்கும் தெரியும். பைனலுக்கு முந்தின நாள், லாட்ஜ் ரூமில், ஒத்திகையில் ஒரு வரியை மறந்துவிட்டாய் என்று இடது கன்னத்தையும் காதையும் சேர்த்து ஒரே அறை. தலையணையில் ரத்தம் சொட்டாக இருந்தது. நான் தலையணை உறையைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், ரூம்காரர்கள் பார்க்கக் கூடாதே என்று. மறுநாள் மேடையில் நீ வலது காதைத் தாளத்தின் பக்கம் திருப்புவதற்காகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாடினாய். அதை உன் ஸ்டைல் என்றார்கள். இன்றைக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு உன்னைப் போலப் பாடிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு அந்தத் தலையணை உறைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் நீ பாப்பாவிடம் போனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. "அப்பா அடிச்சாருன்னுதான் நான் ஜெயிச்சேன். நீயும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிட்டுப் பொறுத்துக்க." அவள் அதை என்னிடம் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை. சரவணா, நீ அடிபட்டதால் ஜெயிக்கவில்லை. பைனலில் நீ நன்றாகப் பாடவில்லை, எனக்கு சங்கீதம் தெரியாவிட்டாலும் நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது தெரிந்தது. மார்க்கில் நீ மூன்றாவதாக இருந்தாய். ஜனங்கள் போட்ட ஓட்டு உன்னை மேலே கொண்டுவந்தது. அந்த ஓட்டு விழுந்தது நான் சொன்ன கதைக்கு. உன் கோப்பையில் பாதி என் பொய். இதைச் சொன்னால் உனக்கு எப்படி வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சினிமாவில் பாடினாயே ஒரு பாட்டு, படம் வந்தபோது அதில் வேறு ஒருவர் குரல் இருந்ததே, அதற்கு அரசியல் என்றாய், சதி என்றாய். அன்றைக்கு சாயங்காலம் நீ என்னிடம் மட்டும் சொன்னாய், "சுருதி ஒரு பக்கமா இறங்குதுங்கிறாங்கம்மா" என்று. அந்த அடி உனக்கு எதையும் வாங்கித் தரவில்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு போனது.

நீ நிஜமாகப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். காளவாசல் பக்கம் குடிவந்த புதிதில், ஒரு திருவிழாவுக்கு செட்டு போட அவர் பதினோரு நாள் வெளியூர் போயிருந்தார். இரண்டு நாள் நீ வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே ஏதோ பாட ஆரம்பித்தாய். யாருக்காகவும் இல்லை. மேல்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டார்கள். நீ பாடி முடித்ததும் மறுபடி மிக்சி ஓடியது. ஒன்பது நாள் அப்படிப் பாடினாய். அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் ஒரு சொல்லின் நடுவில் நிறுத்தினாய். அந்த ஒன்பது நாளைப் போல நாலு வருடம் உனக்குக் கிடைத்திருந்தால் நீ எங்கே போயிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரியவிடாமல் செய்தவர்கள் இரண்டு பேர். அடித்தவர் ஒருவர். எண்ணிக்கொண்டு நின்றவள் ஒருத்தி.

பாப்பாவுக்கு உன் குரல் வரவில்லை. அந்த ஒரு இடத்தில் தினமும் இடறுகிறாள். அது அவள் குற்றமா? ஞாயிற்றுக்கிழமை அவளை எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசி. எடுத்துவிட்டால் அதைவிட மோசம். ஜெயித்தவனின் தங்கை என்று அவளையும் யாராவது தோளில் தூக்கச் சொல்வார்கள்.

நாங்களாகக் கிளம்பினால் ஊர் எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. உன்னோடு வந்தால் யாரும் வழிமறிக்க மாட்டார்கள். அந்தப் பிளக்ஸில் இரண்டு முகம் இருந்தது. ஒன்று உன்னுடையது. அது எங்களுக்கு ஒரே ஒரு நாள் வேண்டும். அவர் வீட்டில் இருக்கும்போது நீ வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யோசனை ஓடவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவரை அடிக்காதே. என் கையைப் பார்த்ததும் உனக்குக் கை பரபரக்கும். அவர் இப்போது உன்னைவிடப் பலம் குறைந்தவர், நீ அடித்தால் விழுந்துவிடுவார். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் ஒயர் பிடித்தவன் நீயாக இருப்பாய். ஜோசப்பின் உதட்டோடு அது முடியட்டும். எப்போதாவது எந்த மேடையிலாவது அந்தத் தோள் கதையைக் கேட்டால், ஏன் தூக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல். அம்மா சொன்னது பொய்யா என்பார்கள். ஆமாம் என்று சொல். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

தாள் தீரப்போகிறது என்கிறாள். ஒரு கையால் சோறு பிசைய முடியவில்லை, அவள்தான் ஊட்டிவிடுகிறாள். அவள் உயிரோடும் முழுசாகவும் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கீழே கோணலாக இருப்பது என் பெயர்தான். இடது கையால் போட்டேன்.

அம்மா

அண்ணே, இது தனித் தாள், மடித்து ஒட்டித் தருகிறேன். கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. இதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடு. அம்மா தூங்கிவிட்டார். கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்திருக்கிறார், அதனால் நான் அசையாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பாட வரும். அந்த இடமும் வரும். முதல் நாளிலிருந்தே வந்தது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது காளவாசல் சிக்னலில் எல்லா பஸ்ஸும் சேர்ந்து ஹாரன் அடிக்கும், அப்போது மட்டும் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூடக் கேட்காது. சரியாகப் பாடினால் என்னை எடுத்துவிடுவார்கள், எடுத்தால் உனக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று நினைத்து வேண்டுமென்றேதான் இடறினேன். அடி என்னோடு நிற்கும் என்றுதான் இருந்தேன். அம்மா குறுக்கே வருவார் என்று நினைக்கவில்லை. பதினோரு தடவை இடறினேன் என்று அம்மா எண்ணி வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது தடவை மட்டும் சரியாகப் பாடியிருந்தால் அவர் கை உடைந்திருக்காது. இதை நீ அம்மாவிடம் சொல்லாதே. என்றைக்காவது நானே சொல்வேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா பூஜைக்குப் பூ வாங்கப் போவார். ஒரு நாள் அரை மணி நேரம் ஆகும், ஒரு நாள் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். போகும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, அவர் வரும்வரை நிறுத்தாமல் பாடச் சொல்லிவிட்டுத்தான் போவார். தெரு முனை வரைக்கும் கேட்கும். நீ நேரே வீட்டுக்கு வராதே. ஏழு மணிக்கு வந்து தெரு முனையில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நில். காரை அங்கேயே வை. உன் நல்ல காதை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள். அந்த இரண்டாவது அடி வரும்போது நான் இடறினால் அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே நில், அடி விழுகிற சத்தம் கேட்டாலும் வராதே, நான் தாங்கிக்கொள்வேன். இடறாமல் ஏறினால் அவர் வீட்டில் இல்லை. உடனே வா. அம்மாவுக்கு நான் செருப்பை எடுத்து வைத்திருப்பேன்.

நான் சரியாகப் பாடி இதுவரை யாரும் கேட்டதில்லை. நீதான் முதல் ஆள். நீ பாட்டுக்காரன், உனக்கு வித்தியாசம் தெரியும்.